லினக்ஸ் நிறுவும்போது மடிக்கணினி தொடங்க மறுத்தால்: புதியவர்களுக்கான வழிகாட்டி

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசொப்ட் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஐ ஏற்காத, ஆனால் இன்னும் சில வருடங்கள் நன்றாக உழைக்கக்கூடிய மடிக்கணினிகள் திருகோணமலையில் பல வீடுகளில் இருக்கின்றன. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைக்காக வாங்கியவை, கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகிறவர்கள் பாவித்தவை, வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பியவை என்று அவை பலவகை. அவற்றுக்கு உயிர்கொடுக்க, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸைத் தேடி வருபவர்களில் பலர் தடக்கி நிற்பது நிறுவும் வேலையில் அல்ல. கணினி தொடங்கும் அந்த முதல் நிமிடத்தில்தான். கறுப்புத் திரையில் ஒரு வரி தோன்றி எல்லாம் உறைந்துவிட்டால், உடனே முதலிலிருந்து மறுபடி நிறுவுகிறார்கள். காரணம் அப்படியே இருப்பதால் அதே வரி அதே இடத்தில் மீண்டும் வருகிறது.

மறுபடி நிறுவுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் செய்யவேண்டியது, கணினி எந்த இடத்தில் நின்றது என்று பார்ப்பதுதான். மின் பொத்தானை அழுத்தியதிலிருந்து மேசைத்திரை தோன்றும்வரை நடப்பது ஓர் அஞ்சலோட்டம் போன்றது. முதலில் தாய்ப்பலகையிலுள்ள யூஇஎஃப்ஐ என்ற ஃபர்ம்வெயார் (கணினியிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) விழித்து, எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது என்று முடிவுசெய்கிறது. அது கிரப் என்ற பூட்லோடரை, அதாவது இயங்குதளத்தை ஏற்றிவிடும் சிறு நிரலை, அழைக்கிறது. கிரப் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலையும், அதனுடன் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறிய தற்காலிகக் கோப்பு முறைமையையும் நினைவகத்துக்குக் கொண்டுவருகிறது. அவை உண்மையான தட்டைக் கண்டுபிடித்துத் திறந்த பிறகே மற்றச் சேவைகளும் மேசைத்திரையும் வருகின்றன. திரையில் தெரியும் பிழைச்செய்தி இவற்றில் எவருடைய கையில் கோல் தவறியது என்பதைச் சொல்லிவிடும். ஆகவே அந்த வரியைத் தொலைபேசியில் படம்பிடித்த பின்னரே வேறு எதையும் தொடுங்கள்.

தொடங்குவதற்கு முன்

கோப்புகளை வெளித்தட்டு ஒன்றில் பிரதியெடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் அதைவிட அடிக்கடி மறக்கப்படுவது, தட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லொக்கரின் மீட்புச் சாவி. விண்டோஸ் நிறுவப்பட்ட பல புதிய மடிக்கணினிகளில் தட்டு தானாகவே மறைகுறியாக்கப்பட்டிருக்கும்; உரிமையாளருக்கே அது தெரியாது. நம்பகமான கையொப்பமில்லாத நிரல்கள் தொடங்குவதைத் தடுக்கும் செக்யூர் பூட் அமைப்பை ஃபர்ம்வெயாரில் நீங்கள் மாற்றியவுடன், அடுத்த தடவை விண்டோஸ் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லாவிட்டால் தட்டிலுள்ள படங்களையும் ஆவணங்களையும் எந்தக் கடைக்காரராலும் மீட்டுத்தர முடியாது. உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் அந்தச் சாவி சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, கடதாசியில் எழுதிவைத்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

விண்டோஸையும் கூடவே வைத்திருக்க விரும்பினால், பவர் ஒப்ஷன்ஸ் பகுதிக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பதை நிறுத்திவிடுங்கள். அது இயங்கும்வரை, ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. பாதி உறக்கத்தில்தான் கிடக்கும். அதனால் விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனில் (தட்டில் பிரித்துவைத்த பகுதி) லினக்ஸ் எழுத மறுக்கும், சில கணினிகளில் தொடக்க மெனுவுக்கான விசைகூட வேலைசெய்யாது.

மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள். பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் பற்றரி செத்திருக்கும். சார்ஜர் கழன்றால் அந்தக் கணமே அணைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் இடிமின்னலோடு மின்சாரம் போய்வரும் மாலை நேரத்தில் அப்படியான கணினியில் பார்ட்டிஷனைச் சுருக்கும் வேலையைத் தொடங்கவேண்டாம். அந்த வேலை பாதியில் நின்றால் ஏற்படும் சேதம், இந்தக் கட்டுரையில் வரும் வேறு எந்தப் பிழையையும்விடப் பெரியது.

பென் ட்ரைவிலேயே பிழை இருக்கலாம்

நான் பார்த்த தொடக்கப் பிழைகளில் கணிசமானவை கணினியின் குற்றமே அல்ல. தரவிறக்கிய கோப்பின் குற்றம். லினக்ஸ் பல விநியோகங்களாக, அதாவது வெவ்வேறு பெயர்களில் வரும் தொகுப்புகளாகக் கிடைக்கிறது. அவற்றில் உபுண்டு 24.04 இன் கோப்பு ஏறத்தாழ 6 கிகாபைட், லினக்ஸ் மின்ட் 22 இன் கோப்பு 3 கிகாபைட்டுக்குக் கிட்ட. இரவுநேர டேட்டாவில், தொலைபேசி ஹொட்ஸ்பொட் வழியாக, இடையிடையே அறுந்து அறுந்து இறங்கும் கோப்பு முழுமையானதுபோலவே தெரியும். ஆனால் அதைக்கொண்டு தொடங்கினால் ‘இன்வலிட் மாஜிக் நம்பர்’ என்றோ, ‘யூ நீட் டு லோட் த கர்னல் ஃபர்ஸ்ட்’ என்றோ கிரப் சொல்லும். கிரப் வந்துவிட்டது, கர்னல் கோப்பு பழுது என்பதே இதன் பொருள்.

இதைத் தவிர்க்க, விநியோகத்தின் தளத்தில் தரப்பட்டிருக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புத் தொகையுடன் உங்கள் கோப்பினுடையதை ஒப்பிடவேண்டும். செவன்-ஸிப் மென்பொருள் இருந்தால் கோப்பின்மேல் வலது சொடுக்கிட்டு அந்தத் தொகையைப் பெறலாம். 64 எழுத்துகளும் ஒன்றேபோல் இருந்தால்தான் கோப்பு சரி. ஒரேயோர் எழுத்து மாறினாலும் மறுபடி தரவிறக்குங்கள். டொரன்ட் வழியாக இறக்குவது நம்மூர் இணைப்புகளுக்கு இன்னும் ஏற்றது. அறுந்த இடத்திலிருந்து தொடரும், ஒவ்வொரு துண்டையும் தானே சரிபார்த்துக்கொள்ளும்.

கோப்பைப் பென் ட்ரைவுக்குள் கொப்பி செய்து போட்டால் போதாது. ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் போன்ற மென்பொருளால் எழுதவேண்டும். ரூஃபஸில் வழக்கமான ஐஎஸ்ஓ முறை சரிவராவிட்டால், டிடி முறையில் எழுதிப் பாருங்கள். லைவ் முறையில் (தட்டில் நிறுவாமல் பென் ட்ரைவிலிருந்தே இயக்கும் முறை) தொடங்கும்போது ‘அனேபிள் டு ஃபைன்ட் எ மீடியம் கன்டெய்னிங் எ லைவ் ஃபைல் சிஸ்டம்’ என்று வந்து நின்றால், பென் ட்ரைவை வேறொரு யூஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள். நீலநிறத் துளையில் இருந்தால் கறுப்புநிறத் துளைக்கு மாற்றுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரத்து வீடுகளில் பாவிக்கும் கணினியென்றால் உப்புக்காற்றால் துளையின் தகடுகள் கறுத்திருக்கவும் இடமுண்டு. துளை மாற்றியும் சரிவராவிட்டால் பென் ட்ரைவையே மாற்றுங்கள். 64 கிகாபைட் என்று அச்சிட்டு மிக மலிவாக விற்கப்படும் சில பென் ட்ரைவ்களில் உண்மையான கொள்ளளவு அதில் ஒரு பங்குதான்.

ஃபர்ம்வெயார் கட்டத்தில் நிற்கும் பிழைகள்

பென் ட்ரைவைச் செருகியும் கணினி நேராக விண்டோஸுக்கே போனால், தொடக்க மெனுவை நீங்களே அழைக்கவேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் பொதுவாக எஃப்12 விசை, எச்பியில் எஸ்கேப் விசையை அழுத்திப் பின் எஃப்9, ஆசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 தான் என்றாலும், எஃப்2 வழியாக ஃபர்ம்வெயாருக்குள் போய் எஃப்12 பூட் மெனுவை முதலில் இயக்கிவிடவேண்டியிருக்கும். எந்த விசையும் பிடிபடாவிட்டால், விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலத்திரையிலிருந்து பென் ட்ரைவையோ ஃபர்ம்வெயார் அமைப்பையோ தெரிவுசெய்யலாம்.

அந்த மெனுவில் ஒரே பென் ட்ரைவ் இரண்டு முறை தெரிந்தால் அவசரப்படவேண்டாம். ஒன்றின் முன்னே யூஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றையது பழைய பயோஸ் முறை. விண்டோஸ் எந்த முறையில் இயங்குகிறதோ அதே முறையில்தான் லினக்ஸையும் நிறுவவேண்டும். விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற பக்கத்தைத் திறந்தால், பயோஸ் மோட் என்ற வரியில் யூஇஎஃப்ஐ அல்லது லெகசி (பழைய பயோஸ் முறை) என்று எழுதியிருக்கும். இரண்டையும் கலந்து நிறுவினால் இரண்டும் ஒரே மெனுவில் வராது; ஒவ்வொரு தடவையும் ஃபர்ம்வெயாருக்குள் போய் மாற்றவேண்டிவரும்.

‘வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்’, ‘செக்யூரிட்டி வயலேஷன்’ போன்ற சொற்கள் தெரிந்தால் அது செக்யூர் பூட்டின் வேலை. உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா ஆகியவை மைக்ரோசொப்ட்டின் கையொப்பம் பெற்ற ஷிம் என்ற சிறு நிரலுடன் வருவதால், செக்யூர் பூட்டை நிறுத்தாமலே அவை தொடங்கவேண்டும். தொடங்காவிட்டால் இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். சில புதிய லெனோவோ கணினிகளில் மூன்றாம் தரப்புச் சான்றிதழை அனுமதிக்கும் தெரிவு ஃபர்ம்வெயாரில் நிறுத்தப்பட்டிருக்கும். அதை இயக்கினால் போதும். மற்றையது, 2024 ஓகஸ்ட் மாதம் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு பழைய ஷிம் நிரல்களைத் தடுத்துவிட்டது. அதற்குப் பிறகு பல கணினிகளில் ‘எஸ்பிஏடி செல்ஃப்-செக் ஃபெயில்ட்’ என்ற செய்தி வரத் தொடங்கியது. கைவசமுள்ள பழைய பென் ட்ரைவில் இந்தச் செய்தி வந்தால், அண்மைய வெளியீட்டைத் தரவிறக்கிப் புதிதாக எழுதுவதே நேர்வழி. செக்யூர் பூட்டை நிறுத்தியும் வேலையை முடிக்கலாம். பிட்லொக்கர் சாவியை எழுதிவைத்திருக்கிறீர்கள் என்றால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

நிறுவும்போது கூடுதல் இயக்கிகளையும் (வன்பொருளை இயங்கவைக்கும் டிரைவர் நிரல்கள்) தெரிவுசெய்திருந்தால், உபுண்டு ஒரு கடவுச்சொல்லைக் கேட்கும். முதல் மறுதொடக்கத்தில் மொக் மனேஜ்மென்ட் என்று ஒரு நீலத்திரை சில விநாடிகளுக்கு மட்டும் வரும். புதியவர்கள் பயந்து ‘கன்டினியூ பூட்’ கொடுத்துவிடுகிறார்கள். ‘என்ரோல் மொக்’ என்பதைத் தெரிவுசெய்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் என்விடியா போன்ற இயக்கிகள் ஏற்றப்படமாட்டா.

தட்டே தெரியாவிட்டால்

லைவ் முறையில் எல்லாம் நன்றாக ஓடி, நிறுவியில் மட்டும் தட்டு காணாமற்போயிருக்கிறது என்றால், இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற சேமிப்பக முறை இயங்குகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஃபர்ம்வெயாரில் அதை ஏஎச்சிஐ முறைக்கு மாற்றவேண்டும். ஆனால் நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் விழுந்துவிடும். வரிசை இதுதான்: விண்டோஸில் எம்எஸ்கொன்ஃபிக் கருவியைத் திறந்து பூட் பகுதியில் சேஃப் பூட்டைத் தெரிவுசெய்யுங்கள், மறுதொடக்கத்தின்போது ஃபர்ம்வெயாருக்குள் போய் ஏஎச்சிஐ க்கு மாற்றுங்கள், விண்டோஸ் சேஃப் மோட்டில் ஒரு தடவை தொடங்கிப் புதிய இயக்கியை ஏற்றிக்கொண்டதும், அதே கருவியில் சேஃப் பூட்டை நீக்குங்கள். சேஃப் மோட்டில் நான்கு இலக்கப் பின் சில வேளைகளில் எடுபடாது, ஆகவே கணக்கின் முழுக் கடவுச்சொல்லும் நினைவில் இருக்கட்டும். விண்டோஸே வேண்டாம் என்பவர்கள் நேராக மாற்றிவிடலாம்.

கிரப் வந்த பிறகு வரும் கறுப்புத் திரை

கிரப் மெனு தெரிந்து, உபுண்டு அல்லது மின்ட் என்ற வரியில் என்டர் கொடுத்ததும் திரை கறுத்துவிடுகிறது; ஆனால் விசிறி சுழல்கிறது, விசைப்பலகையில் கப்ஸ் லொக்கை அழுத்த அழுத்த அதன் விளக்கும் எரிந்து அணைகிறது என்றால், கணினி உயிரோடுதான் இருக்கிறது. வரைகலை அட்டையின் இயக்கிதான் திரையைச் சரியாக எழுப்பவில்லை. என்விடியா அட்டையுள்ள கணினிகளில் இது அதிகம்.

மறுதொடக்கம் செய்து கிரப் மெனுவில் மேல்வரி தெரிவாகியிருக்கும்போது ஆங்கில ஈ எழுத்தை அழுத்துங்கள். ஒரு சிறு பதிப்பி திறக்கும். அதில் லினக்ஸ் என்ற சொல்லுடன் தொடங்கும் நீண்ட வரியைக் கண்டுபிடியுங்கள். அதன் இறுதியில் ‘குவைட் ஸ்பிளாஷ்’ என்று இருக்கும். ஸ்பிளாஷ் என்பதன் பின் ஓர் இடைவெளி விட்டு, நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடைவெளியின்றிச் சேர்த்துச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். பிறகு எஃப்10 அல்லது கன்ட்ரோலும் எக்ஸும். திரை குறைந்த தெளிவுடன் வந்துவிடும். இந்த மாற்றம் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே. அடுத்த தடவை மறைந்துவிடும் என்பதால் துணிந்து செய்யலாம். நிறுவி முடிந்ததும் மின்டில் டிரைவர் மனேஜர், உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ் வழியாகச் சரியான இயக்கியைப் போட்டுவிட்டால் பிறகு இது தேவைப்படாது.

குவைட், ஸ்பிளாஷ் என்ற இரண்டு சொற்களையும் அழித்துவிட்டுத் தொடங்கினால், மூடியிருந்த செய்திகள் எல்லாம் திரையில் வரிசையாக ஓடும். எந்த வரியில் நிற்கிறது என்று அப்போது தெரியும். அவற்றில் ஏசிபிஐ பிழை என்று சில வரிகள் வருவது மிகச் சாதாரணம். அவை தயாரிப்பாளரின் ஃபர்ம்வெயாரிலுள்ள குறைகளைக் கர்னல் சுட்டிக்காட்டுவது மட்டுமே, அவற்றின் பின்னும் கணினி தொடங்கினால் விட்டுவிடுங்கள். ‘எ ஸ்டார்ட் ஜொப் இஸ் ரன்னிங்’ என்று 1 நிமிடம் 30 விநாடிக்கு எண்ணிக்கொண்டிருந்தால், முன்பு இருந்து இப்போது இல்லாத ஏதோவொரு பார்ட்டிஷனை அது தேடுகிறது என்று பொருள்.

நிறுவி முடிந்தும் விண்டோஸுக்கே போனால்

கிண்ணியாவிலிருந்து ஒரு மாணவர் கொண்டுவந்த ஏசர் மடிக்கணினி இதற்கு நல்ல உதாரணம். மின்டை முறையாகவே நிறுவியிருந்தார். பார்ட்டிஷன்களும் சரியாக இருந்தன. ஆனால் கிரப் ஒரு தடவைகூடத் தலைகாட்டவில்லை. பழுதுபார்க்கும் கடையொன்றில் ஹார்ட் டிஸ்க் பழுது, மாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். தட்டில் ஒரு பழுதும் இல்லை. ஏசர் ஃபர்ம்வெயார், தான் நம்பும் கோப்பென்று குறிக்கப்படாத எதையும் செக்யூர் பூட் இயங்கும்போது தொடக்காது, அவ்வளவுதான்.

எஃப்2 அழுத்தி உள்ளே போனோம். செக்யூரிட்டி பகுதியில் ஒரு கோப்பை நம்பகமானதாகத் தெரிவுசெய்யும் வரி சாம்பல் நிறத்தில் உறைந்திருந்தது. அதே பகுதியில் சுப்பர்வைசர் கடவுச்சொல் ஒன்றை அமைத்ததும் அந்த வரி உயிர்பெற்றது. அதைத் திறந்து, தட்டின் பெயர், இஎஃப்ஐ, உபுண்டு என்று ஒவ்வொரு கோப்புறையாக உள்ளே போய் (மின்டும் உபுண்டு என்ற பெயரிலுள்ள கோப்புறையையே பாவிக்கிறது, குழம்பவேண்டாம்) ஷிம் என்று தொடங்கும் கோப்பைத் தெரிவுசெய்து ஒரு பெயர் கொடுத்தோம். எஃப்10 மூலம் சேமித்து, மறுபடி வந்து, பூட் பகுதியில் அந்தப் பெயரை முதலிடத்துக்கு ஏற்றியதும் கிரப் மெனு வந்துவிட்டது. அந்தச் சுப்பர்வைசர் கடவுச்சொல்லை மறந்தால் ஃபர்ம்வெயாருக்குள் மறுபடி நுழைவது பெரும்பாடு என்பதால், வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடும்படி சொன்னேன்.

மற்ற நிறுவனங்களின் கணினிகளில் இது இன்னும் இலகு. ஃபர்ம்வெயாரின் பூட் வரிசையில் உபுண்டு என்ற பெயரை விண்டோஸ் பூட் மனேஜருக்கு மேலே கொண்டுவந்தால் போதும். பெரிய விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்றின் பின் வரிசை மறுபடி மாறினாலும் இதே வைத்தியம்தான். அந்தப் பெயரே பட்டியலில் இல்லையென்றால், மின்டின் லைவ் பென் ட்ரைவை யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கி, அதிலேயே இருக்கும் பூட் ரிப்பெயார் கருவியைத் திறந்து, இணையத்தோடு இணைத்துவிட்டு, பரிந்துரைக்கப்பட்ட பழுதுபார்ப்பு என்ற முதல் பொத்தானை அழுத்துங்கள்.

கிரப் ரெஸ்கியூவும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும்

‘கிரப் ரெஸ்கியூ’ என்ற தூண்டியுடன் (கட்டளைக்காகக் காத்திருக்கும் வரி) ‘நோ சச் பார்ட்டிஷன்’ என்று வந்தால், கிரப் தன் மீதிக் கோப்புகளைத் தேடிப்போன இடம் இல்லாமற்போய்விட்டது. இடம் போதவில்லையென்று விண்டோஸிலிருந்து லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தவர்களுக்கே இது பெரும்பாலும் நேர்கிறது. விண்டோஸ் போய்விட்டதென்று கலங்கவேண்டாம். யூஇஎஃப்ஐ கணினியானால் தொடக்க மெனுவில் விண்டோஸ் பூட் மனேஜரைத் தெரிவுசெய்தால் அது வழமைபோல் வரும். லினக்ஸை அழிக்காமலே இந்தத் தூண்டி வந்திருந்தால், அதில் கட்டளைகளைத் தட்டித் திருத்தும் முறையொன்று இருக்கிறது. ஆனாலும் புதியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. முன்சொன்ன பூட் ரிப்பெயார் அதே வேலையைத் தவறின்றிச் செய்கிறது.

இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல் அடைப்புக்குறிக்குள் தோன்றி நிற்பது, மின்சாரம் திடீரென்று போன மறுநாட்களில் அதிகம் காணப்படுவது. கர்னல் வந்துவிட்டது, ஆனால் தட்டிலுள்ள கோப்பு முறைமை குழம்பியிருப்பதால் அதைத் திறக்க மறுக்கிறது. எக்சிட் என்று தட்டி என்டர் கொடுத்தால், எந்தப் பார்ட்டிஷன் என்று அதுவே சொல்லும். டெவ் என்று தொடங்கும் அந்தப் பெயரை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எஃப், எஸ், சி, கே என்ற நான்கு எழுத்துகளைச் சேர்த்துத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் வை எழுத்தும் இட்டு, இன்னோர் இடைவெளியின் பின் அந்தப் பெயரை எழுதி என்டர் கொடுங்கள். திருத்தம் முடிந்ததும் ரீபூட். ஒரு தடவை இப்படி வந்து போவது பெரிய விடயமல்ல. மின்சாரம் போகாத நாட்களிலும் திரும்பத் திரும்ப வந்தால் தட்டு தேய்கிறது என்று கொள்ளவேண்டும். டிஸ்க்ஸ் செயலியில் தட்டின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட் தரவைப் பார்ப்பதற்கு முன்னரே கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள்.

புதுப்பிப்பு ஒன்றின் பின் ‘கர்னல் பானிக்’ என்று வந்து, ‘அனேபிள் டு மவுன்ட் ரூட்’ என்ற சொற்களும் கூடவே இருந்தால், கிரப் மெனுவில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் என்பதற்குள் போய் முந்தைய கர்னலைத் தெரிவுசெய்து தொடங்குங்கள். மெனு மறைந்திருந்தால், இயக்கியவுடன் எஸ்கேப் விசையை ஒரு தடவை தட்டினால் தெரியும்.

தொடங்கிய பின் விண்டோஸில் மணிக்கூடு சரியாக 5 மணி 30 நிமிடம் பின்னால் நிற்பதைக் கண்டு சிலர் திடுக்கிடுவதுண்டு. கணினியின் கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வரும் இலங்கை நேர வித்தியாசம் அது, பழுதல்ல.

இவற்றுக்குப் பிறகும் சரிவராவிட்டால் பிறரிடம் கேளுங்கள். கேட்கும்போது கணினியின் முழு மொடல் இலக்கம், எந்த விநியோகத்தின் எந்த வெளியீடு, யூஇஎஃப்ஐ முறையா லெகசியா, செக்யூர் பூட் இயங்குகிறதா, கடைசியாக என்ன மாற்றினீர்கள் ஆகிய விபரங்களையும் திரையின் தெளிவான படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். ‘லினக்ஸ் வேலைசெய்யவில்லை’ என்ற ஒற்றை வரிக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, மாற்றியதை உடனுக்குடன் கொப்பியொன்றில் குறித்துவந்திருந்தால், இந்த விபரங்களைக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். மூதூரிலோ தம்பலகாமத்திலோ இருந்துகொண்டு கணினியைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு வரவேண்டிய தேவையும் பெரும்பாலும் இராது.